தூரத்துக் குரவை

எங்கள் வீட்டில் மூன்று தறிகள் இருந்தன. மருதமுனையில் அந்தக் காலத்தில் தறி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து ஆண்கள் தறிக்குழிக்குள் காலை விட்டார்கள் என்றால், மதியம் லுஹர் தொழுகை வரைக்கும் ஊர் முழுவதும் சடக் சடக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். இந்தச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவளுக்குச் சத்தம் எப்படி ஆகாமல் போகும் என்று என்னைத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். தறிச் சத்தம் என்னை ஒருநாளும் நோகடித்ததில்லை. ஒன்று வந்த மாதிரியே அடுத்ததும் வரும். அதற்குள் நான் தூங்கியிருக்கிறேன். குசினிக்குள் இருந்தபடியே எந்தத் தறியில் இழை அறுந்தது என்று சொல்வேன். வாப்பா குனிந்து பார்த்தால் அறுந்துதான் இருக்கும்.

என்னை நோகடித்தவை வேறு. அலுமினியச் சட்டியின் அடியைக் கரண்டி சுரண்டுவது, தேங்காய் துருவுவது, பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாகத் தொங்கவிட்டிருந்த இரும்புத் துண்டில் அடிப்பது, பக்கத்தில் நிற்கிற ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் தும்முவது. வலி காதில் அல்ல. பல்லின் வேரில் தொடங்கிப் பிடரி வழியாக முதுகுக்குள் இறங்கும். கிணற்றில் விழுந்தவள் மாதிரி மூச்சு நின்றுவிடும். அந்த நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. செய்து முடித்த பிறகு மற்றவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். முகங்களைப் பார்ப்பதும் எனக்குச் சுலபமில்லை.

இதற்கு ஓட்டிசம் என்று ஒரு பெயர் இருப்பது அறுபது வருசத்துக்கு மேல் கழித்துத்தான் தெரிய வந்தது. என் பேத்தியைப் பார்த்த டாக்டர், குடும்பத்தில் வேறு ஆருக்கும் இப்படி இருந்ததா என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல் கிடைத்ததில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் எந்தச் சொல்லும் வருவதற்கு முன்னமே என்னை விளங்கிக்கொண்ட ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் என் ராத்தா, என்னைவிட நான்கு வயது மூத்த அக்கா.

சிறு வயதில் என்னை எங்கெல்லாமோ கூட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஓதிய தண்ணீர் குடித்தேன். இடது கையில் கறுப்பு நூல் கட்டினார்கள். குர்ஆன் ஓத அனுப்பிய இடத்தில் நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு பாடத்தை ஒரே நேரத்தில் உரத்து ஓதுவார்கள். மூன்றாம் நாள் நான் அங்கிருந்து ஓடி வந்து நெற்பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அதன் பிறகு ராத்தாதான் வீட்டில் வைத்து, தன் பாடத்தை எனக்கு மெல்லிய குரலில் ஓதிக் காட்டினாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும்.

என்ன சத்தம் வரப்போகிறது என்பது எனக்கு முன்னமே அவளுக்குத் தெரியும். என் மணிக்கட்டில் இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவ்வளவுதான். உடனே நான் காதைப் பொத்திக்கொள்வேன், அல்லது எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவேன். தேங்காய் துருவ உட்காரும்போது, "நான் துருவப் போறன், நீ போ" என்பாள். துருவி முடித்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவாள். இதை அவள் ஒரு வேலையாக நினைத்ததாகத் தெரியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது அவளுக்கு ஒரு பழக்கம்.

அவளுக்குக் கலியாணம் பேசியது சாய்ந்தமருதில். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் குரவை இல்லாமல் எதுவும் நடக்காது. மாப்பிள்ளை பந்தலுக்குள் கால் வைக்கும்போது குரவை, தாலி கட்டும்போது குரவை, பால்பழம் கொடுக்கும்போது குரவை. இருபது முப்பது பெண்கள் சேர்ந்து நாக்கைச் சுழற்றிப் போட்டார்கள் என்றால் தெரு முடிவில் கட்டியிருக்கும் மாடும் திரும்பிப் பார்க்கும்.

அன்றைக்கு என்னைக் குசினிக்குப் பின்னால் உள்ள அறையில் இருத்தி, காதில் பஞ்சு வைத்துவிடுவது என்று ராத்தா முன்கூட்டியே உம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் பால்பழத் தட்டத்தைக் கொண்டு வர வேண்டியது பெண்ணின் தங்கச்சி. எனக்குப் பதின்மூன்று வயது. புதுச் சட்டை போட்டிருந்தேன். நான்தான் கொண்டு போவேன் என்று நின்றேன். ராத்தா என் புதுச் சட்டையைப் பார்த்துவிட்டு, சரி, கொண்டு வந்து வைத்ததும் போய்விட வேண்டும், குரவை அதற்குப் பிறகுதான் போடுவார்கள் என்றாள்.

அவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. நான் தட்டத்தோடு நடுவில் நிற்கும்போதே குரவை எழும்பியது. சுற்றிலும் பெண்கள். வெளியேற வழியில்லை. பஞ்சு ஒன்றையும் தடுக்கவில்லை. தட்டம் கையிலிருந்து போனது. பால் முழுவதும் ராத்தாவின் கூறைச்சீலையில் கொட்டியது. அப்படியும் குரவை நிற்கவில்லை. எனக்கு நேரே ஒரு வாய் திறந்து, அதற்குள் நாக்கு சுழன்றுகொண்டிருந்தது. நான் என் உள்ளங்கையால் அந்த வாயை அடைத்தேன். இருந்த பலமெல்லாம் சேர்த்து அடைத்தேன்.

அது மாப்பிள்ளையின் உம்மா.

அவவின் கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்து இரத்தம் வந்தது. வெற்றிலைச் சாறும் இரத்தமும் சேர்ந்து வடிந்ததால் பார்த்தவர்களுக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. நான் அடித்தேன் என்று சொன்னார்கள். பெண்ணின் தங்கச்சி மாமியாரின் வாயில் அடித்தாள் என்ற கதை அடுத்த நாள் விடிவதற்குள் கல்முனையைத் தாண்டிவிட்டது. அந்த மாமி அன்று சாப்பிடாமலே எழும்பிப் போனா. ஒரு வருசத்துக்கு எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. புதுப்பெண்ணாக ராத்தா சாய்ந்தமருதுக்கு விருந்துக்குப் போனபோது, அங்கே அவளோடு ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

என்மேல் ராத்தா கோபப்பட்டுக் கத்தவில்லை. உம்மா அழுதபோதும் அவள் அழவில்லை. ஆனால் மணிக்கட்டில் தட்டுவதை நிறுத்திவிட்டாள். தேங்காய் துருவ உட்கார்ந்தால் துருவினாள். சட்டியை வைத்தால் வைத்தாள். வேண்டுமென்று சத்தம் போடவில்லை, முன்கூட்டிச் சொல்லவில்லை, அவ்வளவுதான். கலியாணத்தோடு வீட்டைப் பெண்ணுக்குக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பதுதான் எங்கள் வழக்கம்; அப்படி வீடு அவளுக்குப் போனது. நானும் உம்மாவும் வாப்பாவும் அதே வளவின் பின்பக்கத்தில் கிடுகு வேய்ந்த ஒரு சின்ன வீட்டுக்கு மாறினோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறும் ஒரு முருங்கை மரமும். நான்கு வருசம் அந்தக் கிணற்றடியில் நாங்கள் தண்ணீர் அள்ளிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி கடந்து போனோம். தேவையானதைக் கதைப்போம். வாளி எங்கே, பிள்ளைக்குக் காய்ச்சலா, இவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எந்தச் சொல்லால் கேட்பது என்பது தெரியவில்லை.

அந்த நான்கு வருசமும் நான் வீட்டுக்குள் இருந்து தறிக்கு நூல் சுற்றினேன். ராட்டையின் சத்தம் எனக்குப் பிடிக்கும். எனக்கு மாப்பிள்ளை கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர், கதையைக் கேள்விப்பட்டதும் திரும்பி வரவில்லை. உம்மா தொழுத பாயிலேயே நெடுநேரம் இருப்பா.

மூன்றாவதாக நிந்தவூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வயல் வேலை. பெண் பார்க்க அவருடைய உம்மாவும் மூத்த சகோதரியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஆட்கள் வரும்போது உபசரிப்பதெல்லாம் முன்வீட்டில்தான் என்பதால், ராத்தாதான் பாய் விரித்து, தட்டத்தில் வெற்றிலை வைத்துக் கொடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தச் சகோதரி நேரடியாகவே கேட்டா. ஊரில் ஒரு கதை இருக்கிறதாம், மாமியாரின் வாயில் அடித்த பிள்ளை இதுதானா என்று. உம்மா தடுமாறினா. அப்படி ஒன்றும் இல்லை, சின்ன வயது, தட்டம் தவறி விழுந்தது என்று எதையோ சொல்லத் தொடங்கினா. கைக்குழந்தையோடு நின்ற ராத்தா குறுக்கே புகுந்தாள்.

"மெய்தான். ஆனா அடிக்கல்ல, வாயைப் பொத்தினவ. சத்தம் அவக்கு நோகும். நமக்கு நெருப்புச் சுடுற மாதிரி. குரவை போட்டுத்தான் கலியாணமெண்டா இவவால ஏலா. இப்பவே சொல்லிட்டன், பொறகு எங்களக் குறை சொல்லப்படாது."

நோகும் என்ற சொல்லை என்னைப் பற்றி வேறொருவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஜின், கண்ணூறு, பிடிவாதம், செல்லம் என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். எனக்கு நோகிறது என்று எவரும் சொன்னதில்லை. நான்கு வருசமாக என்னோடு சரியாகக் கதைக்காத ஒருத்தி அதைச் சொன்னாள்.

வந்தவர்கள் எழும்பிப் போனார்கள். உம்மா அன்று முழுவதும் ராத்தாவை ஏசினா. ஒரு கிழமை கழித்து நிந்தவூரிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளைக்குச் சம்மதம். பொய் சொல்லாத வீடு என்று அவருடைய உம்மா சொன்னாவாம். ஆனால் ஒரு விசயம்: குரவை இல்லாமல் கலியாணம் நடந்தால் அது மையித்துக் கிடக்கிற சாவு வீடு மாதிரி இருக்கும், தங்கள் பெண்கள் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மற்றதெல்லாம் எங்கள் விருப்பம்.

உம்மா வீடு வீடாகப் போய் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கெஞ்சிப் பார்த்தா. சிலர் சரி என்றார்கள். சிலர் சிரித்தார்கள். கலியாணத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தங்களுக்கு என்ன, வாயில் புண்ணா என்று ஒருத்தி கேட்டாளாம். நான் இந்தக் கலியாணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.

அஸர் நேரம் கழிந்த ஒரு பின்னேரம் ராத்தா கிணற்றடிக்கு வந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள்.

"இதில நில்லு. நான் தூரப் போய்க் குரவை போடுவன். நொந்தா கையத் தூக்கு. நோகாட்டி சும்மா நில்லு."

எனக்கு விளங்கவில்லை. அவள் வேலிகளுக்கு நடுவில் போகிற ஒழுங்கையில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தாள். நாலு வேலி தள்ளி நின்று, திரும்பி என்னைப் பார்த்து, தனி ஆளாகக் குரவை போட்டாள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். அவள் தலையாட்டிவிட்டு இன்னும் நடந்தாள். தென்னந்தோட்டத்தின் தொடக்கத்தில் நின்று போட்டாள். கை தூக்கினேன், இந்த முறை ஒரு கை. இடுப்பில் இருந்த பிள்ளை பயந்து அழுதது. வேலிக்கு மேலால் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். புருசன் வீட்டில் இல்லாத நேரம் இவளுக்கு என்ன பிடித்தது என்று ஒரு குரல் கேட்டது. ராத்தா பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மணலில் நடந்துகொண்டே போனாள்.

கடைசியாகக் கரையில் இழுத்து வைத்திருந்த ஒரு தோணிக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் அவள் ஒரு விரல் உயரம்தான். அவள் வாயில் கை வைப்பது தெரிந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கடற்காற்றோடு வந்தது. முதலில் அது குரவை என்றே எனக்குப் படவில்லை. மெல்லியதாகத் தொடங்கி, ஏறி, ஏறின இடத்தில் கொஞ்சம் நடுங்கி நின்று, பிறகு இறங்கியது. குரவைக்கு இப்படி ஒரு வடிவம் இருக்கிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் கேட்டதெல்லாம் அதன் வலியைத்தான். மற்றப் பெண்கள் எதைக் கேட்டுச் சந்தோசப்படுகிறார்கள் என்பது பதினேழு வயதில் அந்தக் கிணற்றடியில் நிற்கும்போதுதான் விளங்கியது. நான் கையைத் தூக்கவில்லை. அவள் இன்னொரு முறை போட்டாள். அப்போதும் தூக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. காலெல்லாம் மணல். என் முகம் நனைந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"என்னகா, நொந்ததா?"

"இல்ல. வடிவா இரிக்கி ராத்தா."

அவள் பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, கிணற்றில் வாளியைப் போட்டுத் தண்ணீர் அள்ளிக் காலைக் கழுவினாள். வாளியைப் போடுவதற்கு முன் என் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டினாள். உன் கலியாணத்தை நான் கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் என்னால் சொல்ல முடிந்தது. ஓம், கெடுத்ததுதான் என்றாள். கூறைச்சீலையில் பால் கறை இன்னும் போகவில்லை என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. பிள்ளையின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலியாணத்தன்று பெண்கள் எல்லாரும் வரிசையாகத் தோணியடிக்குப் போனார்கள். நிந்தவூர்ப் பெண்களுக்கு இது புதினமாக இருந்தது. கலியாண வீட்டுக்கு வந்து கடற்கரையில் நிற்பதா என்று முறைத்தவர்களையும் ராத்தா வெற்றிலை கொடுத்துச் சமாளித்துக் கூட்டிக்கொண்டு போனாள். தாலி கட்டும் நேரம் அவர்களுக்குத் தெரிய வேண்டுமே என்று, வாசலுக்கு நேரே ஒழுங்கையில் வாப்பாவின் தங்கச்சி மகள் ஒருத்தி வெள்ளைத் துணியோடு நின்றாள். வீட்டுக்குள் உம்மாவும் மாப்பிள்ளையின் உம்மாவும் இன்னும் நாலைந்து வயதானவர்களும் மட்டும்.

அந்த நாலைந்து பேரில் ராத்தாவின் மாமியும் இருந்தா. அவ வருவா என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மணலில் நடக்க முழங்கால் ஏலாது என்று சொல்லி, எனக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டா. கீழுதட்டில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் அவ என்னைப் பார்த்தா. பிறகு தன் கையைத் தூக்கித் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டா. கேலிக்குச் செய்தாவா, பழக்கத்தில் வந்துவிடும் என்று பயந்து பொத்தினாவா, அல்லது அதனால் வேறு எதையாவது சொன்னாவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தாலி கட்டி முடியும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

ஒழுங்கையில் நின்றவள் துணியை அசைத்தாள். கடற்கரையிலிருந்து முப்பது பெண்களின் குரவை காற்றில் வந்தது. ஒருத்தி போட்ட மாதிரி அல்ல, ஒன்றுக்குள் ஒன்று ஏறி இறங்கி வந்தது. எனக்கு வலது பக்கப் பல் கொஞ்சம் கூசியது. தாங்கக்கூடிய கூச்சம். என் கலியாணக் குரவையை நான் முழுவதுமாகக் கேட்டேன்.

மாப்பிள்ளை எங்கள் பின்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அமைதியான மனிசன். நடந்தால் சத்தம் வராது. கதவைச் சாத்தும்போது கையை நடுவில் வைத்துச் சாத்துவார். ராத்தா அவருக்கு என்னென்ன சொல்லிக் கொடுத்திருந்தாள் என்று தெரியவில்லை. ஆனால் அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது, ஏனென்றால் அது அவளுக்கும் தெரியாது. அவர் சாப்பிடும் சத்தம்.

நல்லாப் பசித்து வயலிலிருந்து வருவார். பக்கத்தில் இருந்து பரிமாறினால் அந்த மெல்லும் சத்தம் என் பல்லுக்குள் இறங்கும். மூன்று கிழமை பொறுத்தேன். நான்காவது கிழமை, கறியை வைத்துவிட்டு எழும்பி ஓடிக் கிணற்றடியில் நின்று அழுதேன். என்ன நடந்தது என்று கேட்டு அவர் பின்னாலேயே வந்தார். சொல்ல எனக்கு வெட்கம். நல்ல மனிசனிடம் போய், நீங்கள் சாப்பிடுவது எனக்கு நோகிறது என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பி முருங்கை மரத்தைப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்ப நான் முருங்கைக்குக் கீழ இரிந்து தின்னுறன்" என்றார். "காத்தும் வரும்."

உள்ளே போய்ச் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். நான் குசினி வாசலில் இருந்து என் பங்கைச் சாப்பிட்டேன். அப்படியே பழகிவிட்டது. கலியாணமாகி ஒரு மாதத்தில் புருசனும் பெண்சாதியும் சண்டை, அவனை வெளியில் வைத்துச் சோறு போடுகிறாள் என்று ஒழுங்கையில் கதை பரவியது. உம்மாவே வந்து இரகசியமாகக் கேட்டா. மழை நாளில் மட்டும் அவர் உள்ளே வந்து சாப்பிடுவார். அன்றைக்கு நான் தறிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

கறிக்கு உப்புக் குறைந்தால் மரத்தடியிலிருந்து கையைக் காட்டுவார். நான் உப்புச் சிரட்டையை எடுத்துக்கொண்டு போய் வைத்துவிட்டுத் திரும்பி வருவேன்.